உடன்படிக்கை மீறல்: கமக்காரர் அறிய வேண்டியவை

ஐப்பசி மாதத்து மழையோடு காலபோக விதைப்பைத் தொடங்கும் கமக்காரர் ஒருவர், நெல்லை விற்றுப் பணத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னர் எத்தனை பேரோடு வாக்குப் பேசுகின்றார் என்பதை எண்ணிப் பாருங்கள். உழவு இயந்திரக்காரரோடு ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசுகின்றார். உரக்கடையில் அறுவடையின் பின் கொடுப்பதாகக் கடன் சொல்லுகின்றார். வயல் பிறருடையதாயின் குத்தகை பேசுகின்றார். அறுவடை இயந்திரத்துக்கு நாட் குறிக்கின்றார். ஈற்றில் வியாபாரியோடு விலை பேசி முற்பணம் வாங்குகின்றார். தோட்டஞ் செய்பவரும் இவ்வாறே கத்தரிக்காய்க்கும், பூசணிக்கும், மிளகாய்க்கும் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடுகின்றார். இவை ஒவ்வொன்றும் ஓர் உடன்படிக்கையாகும். இவற்றுள் ஒன்று முறிந்தால், மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்து, ஒரு போகத்து உழைப்பு முழுவதும் கடனாக மாறிவிடுதல் கூடும்.

எனினும், “உடன்படிக்கையை மீறிவிட்டார்” என்று ஒருவர்மேல் ஒருவர் குற்றஞ் சுமத்தும் வேளைகளில், மீறல் என்பது உண்மையில் யாது என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. நட்டம் ஏற்பட்டதெல்லாம் மீறல் அன்று. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டது என்பதால் ஒரு காரியம் மீறல் அல்லாமற் போவதும் இல்லை. ஆதலின் இப்பொருளைப் படிப்படியாக விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

1. உடன்படிக்கை என்பது யாது?

இருவர் அல்லது பலர், சட்டத்துக்கு அமைவான ஒரு காரியத்தைச் செய்வதாக, அதனாற் கட்டுப்படும் எண்ணத்தோடு மனமொத்து உறுதி செய்து கொள்வதே உடன்படிக்கையாகும். இலங்கையில் உடன்படிக்கைகள் பொதுவாக உரோம ஒல்லாந்த சட்டத்தின்படி நோக்கப்படுகின்றன. பொருள்களை விற்றலும் வாங்குதலும் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தினால் ஆளப்படுகின்றன. நெல்லும் மரக்கறியும் உரமும் விதையும் இச்சட்டத்தின்படி பொருள்களேயாம்.

வாயினாற் பேசியது உடன்படிக்கை ஆகாது என்று சிலர் எண்ணுவர். அது தவறு. வாய்ச்சொல்லும் உடன்படிக்கையே. ஆயினும், பொருள் விற்பனை பற்றிய வாய்மொழி உடன்படிக்கையை நீதிமன்றத்திற் செல்லுபடியாக்குவதற்கு மேலே கூறிய சட்டம் மூன்றில் ஒன்றை வேண்டுகின்றது. வாங்குபவர் பொருளின் ஒரு பகுதியையேனும் ஏற்றுப் பெற்றிருத்தல் வேண்டும். அல்லது விலையையோ அதன் ஒரு பகுதியையோ செலுத்தியிருத்தல் வேண்டும். அல்லது எவர்மீது வழக்குத் தொடுக்கப்படுகின்றதோ அவரோ அவருடைய பிரதிநிதியோ ஒப்பமிட்ட எழுத்துக் குறிப்பு ஒன்று இருத்தல் வேண்டும். எனவே, “இருபது மூடை நெல்லை நான் எடுப்பேன்” என்று வெறும் வாக்குமட்டும் கொடுத்துச் சென்ற வியாபாரி பின்னர் வாராதுவிட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருப்பினும் வழக்கு உங்கள் பக்கம் இருப்பது அரிது. அவர் முற்பணமாக ஐந்நூறு ரூபா தந்திருப்பின் நிலைமை வேறாகும். அதைவிட, கொப்பித் தாளொன்றில் நான்கு வரி எழுதி இருவரும் ஒப்பமிட்டிருப்பின் மிக நன்று.

2. மீறல் எத்தனை வகைப்படும்?

மீறலைப் பின்வருமாறு வகுத்துக் காட்டலாம்.

(அ) செய்வதாக ஏற்றதைச் செய்யாது விடுதல். நெல்லைக் கொடுப்பதாகச் சொன்னவர் கொடாமையும், எடுப்பதாகச் சொன்னவர் எடாமையும் இவ்வகையின.

(ஆ) பிந்திச் செய்தல். நாள் குறிக்கப்பட்டிருந்தால், அந்நாள் கடந்தவுடன் பிணக்கு எழுகின்றது. நாள் குறிக்கப்படாவிடின், மற்றவர் உடனே மீறிவிட்டார் என்று சொல்ல முடியாது. “இன்ன நாளுக்கு முன்னர் செய்து தருக” என்று நியாயமான அவகாசம் கொடுத்துக் கோரிக்கை விடுத்தபின்னரும் அவர் செய்யாதிருந்தாற்றான் அது பிந்துதல் என்னும் குற்றமாகும். வன்னியிற் பெரும்பாலான பிணக்குகள் நாட் குறிக்காமையினாலேயே வளர்கின்றன.

(இ) குறைபாடாகச் செய்தல். நிறை குறைதல், ஈரப்பதன் கூடுதல், பதர் மிகுதல், மாதிரிக்கு மாறான பொருளைக் கொடுத்தல் என்பன இதனுள் அடங்கும்.

(ஈ) நாள் வருமுன்னரே மறுத்தல். அறுவடைக்கு இரு கிழமைக்கு முன்னர் “உங்கள் நெல் எனக்கு வேண்டாம்” என்று வியாபாரி தெளிவாகச் சொல்லிவிட்டால், குறித்த நாள் வரும்வரை நீங்கள் கைகட்டியிருத்தல் அவசியமன்று. அம்மறுப்பையே மீறலாகக் கொண்டு வேறு ஒருவரைத் தேடலாம்.

எல்லா மீறல்களும் உடன்படிக்கையை முறிக்கும் உரிமையைத் தருவதில்லை என்பதையும் கவனிக்க. மீறல் உடன்படிக்கையின் அடிப்படையைத் தொடுமாயின், மற்றவர் உடன்படிக்கையை முடிவுக்குக் கொண்டுவரலாம். சிறு குறையாயின் நட்டஈடு கேட்கலாமேயன்றி முழுவதையும் தள்ளிவிட முடியாது. இரண்டாயிரம் கிலோ நெல்லில் நாற்பது கிலோ குறைந்தால் அதற்குரிய விலையைக் கழித்துக்கொள்வதே முறை. அதனைச் சாட்டாக வைத்து, சந்தை விலை வீழ்ந்த வேளையில் முழு நெல்லையும் மறுத்துவிடுதல் முறையன்று.

3. மழையும் நோயும் காரணமாயின்?

கமக்காரருக்கு மிகவும் இன்றியமையாத வினா இதுவே. “ஐயாயிரம் கிலோ தருவேன் என்றேன், வெள்ளம் அழித்துவிட்டது, நான் மீறியவனா?” என்று கேட்பீர்கள். 2018ஆம் ஆண்டு டிசெம்பர் மாதப் பிற்பகுதியிற் பெய்த கடும் மழையினால் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் பெருகியதையும், இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதையும் வன்னியில் எவரும் மறந்திரார். அத்தகைய வேளையில் இவ்வினா வெறும் சட்ட வினாவன்று. குடும்பம் ஒன்றின் வாழ்வு பற்றிய வினாவாகும்.

இதற்கு விடை, நீங்கள் எதனை வாக்களித்தீர்கள் என்பதிலேயே தங்கியிருக்கின்றது. இரண்டு பழைய வழக்குகள் இதனை நன்கு விளக்கும். இரண்டும் இங்கிலாந்தில் நிகழ்ந்தவை. இரண்டிலும் எதிராளிகள் கமக்காரர்களே. நமது பொருள் விற்பனைச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவியதாதலின், இவை நமக்கும் வழிகாட்டுவனவாம்.

1872ஆம் ஆண்டில் கூப்லாந்து என்னும் கமக்காரர், வப்லோட் என்னும் ஊரிலிருந்த தமது நிலத்தில் விளையும் உருளைக்கிழங்கில் 200 தொன்னை ஹவல் என்பவருக்கு விற்பதாக ஒப்புக்கொண்டார். அவ்வளவு விளைச்சலுக்குப் போதிய நிலத்திற் பயிரும் இட்டார். ஆனால் பயிரில் வெளிறல் நோய் பரவியது. ஏறக்குறைய 80 தொன் மாத்திரமே தேறியது. அதனை அவர் ஒழுங்காகக் கொடுத்தார். எஞ்சியதற்கு வழக்குத் தொடுக்கப்பட்டது. 1876ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கமக்காரர் பக்கமே தீர்ப்பளித்தது. குறித்த நிலத்தின் விளைவே விற்கப்பட்டது. அது அவருடைய குற்றமின்றி அழிந்தது. ஆதலின் குறைவுக்கு அவர் பொறுப்பாளியல்லர் என்பதே அத்தீர்ப்பின் சாரமாகும்.

மற்ற வழக்கு 1972ஆம் ஆண்டிற் றீர்க்கப்பட்டது. ஸ்றீற் என்னும் கமக்காரர் தமது பண்ணையில் விளையும் வாற்கோதுமையில் ஏறக்குறைய 275 தொன்னை விற்க உடன்பட்டார். விளைச்சல் குன்றி 140 தொன்னே கிடைத்தது. சந்தையில் விலை உயர்ந்திருந்தமையால், விளைச்சல் குறைந்தது என்பதைச் சாட்டாக வைத்து, அந்த 140 தொன்னையும் அவர் வேறொருவருக்கு விற்றார். விளையாத பகுதிக்கு அவர் பொறுப்பாளியல்லர். ஆனால் விளைந்த 140 தொன்னை முதலில் வாக்களித்தவருக்கே கொடுத்திருத்தல் வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது.

இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கினால் உண்மை புலனாகும். இயற்கையின் அழிவு, அழிந்த அளவுக்கே கமக்காரரை விடுவிக்கும். அதற்கு மேலான விலையைத் தேடிச் செல்லுதற்கு அது அனுமதிச் சீட்டு அன்று.

இதிலிருந்து நீங்கள் கைக்கொள்ள வேண்டிய பாடம் யாதெனில், உடன்படிக்கையில் உங்கள் வயலைக் குறிப்பிட வேண்டும் என்பதே. “ஐயாயிரம் கிலோ நாட்டரிசி நெல் தருவேன்” என்று மொட்டையாக எழுதினால், உங்கள் வயல் அழிந்தாலும் சந்தையில் வாங்கியேனும் கொடுக்க வேண்டியவர் என்று மற்றவர் வாதிடலாம். “இன்ன வாய்க்காலின் கீழுள்ள எனது மூன்று ஏக்கர் வயலில் இக்காலபோகத்தில் விளையும் நெல்லில் ஐயாயிரம் கிலோ” என்று எழுதினால், உங்கள் பொறுப்பு அவ்வயலின் விளைவோடு நிற்கும்.

இன்னொன்று: முன்கூட்டியே அறியக்கூடிய இடரை இயற்கையின் அழிவு என்று சொல்ல முடியாது. இரணைமடு போன்ற பெருங்குளங்களின் கீழ்ச் சிறுபோகச் செய்கை, குளத்திலுள்ள நீரின் அளவைப் பொறுத்தே தீர்மானிக்கப்படுகின்றது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எத்தனை ஏக்கருக்கு நீர் பகிரப்படும், எந்நாளில் விதைப்பு முடிய வேண்டும், எந்நாளில் நீர் நிறுத்தப்படும் என்பன முடிவு செய்யப்படுகின்றன. உங்கள் பங்குக்கு ஓர் ஏக்கரே கிடைக்கும் என்று அங்கு தீர்மானித்த பின்னர், மூன்று ஏக்கர் விளைவை வியாபாரிக்கு வாக்களித்து, பின்னர் “நீர் கிடைக்கவில்லை” என்று கூறுதல் செல்லாது. ஆதலின் கூட்டத்து முடிவை அறிந்தபின்னரே சிறுபோக விளைவுக்கு விலை பேசுக.

செய்வது கடினமாயிற்று என்பதும் செய்ய முடியாதாயிற்று என்பதும் ஒன்றல்ல. கூலி உயர்ந்தது, எரிபொருள் விலை ஏறியது, எதிர்பார்த்ததிலும் இலாபம் குறைந்தது என்பன பொதுவாக ஒருவரை உடன்படிக்கையினின்று விடுவிப்பதில்லை. இத்தகைய இடர்கள் உண்டாகும் எனக் கருதினால், அப்போது யாது செய்வது என்பதை முன்னரே எழுதிக்கொள்ளல் வேண்டும்.

4. தரமும் மாதிரியும்

மாதிரியைக் காட்டி விற்கப்படும் பொருள், முழுவதும் அம்மாதிரிக்கு ஒத்திருத்தல் வேண்டும். ஒத்திருக்கின்றதா எனப் பார்க்க வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்பு அளிக்கப்படுதலும் வேண்டும். பிணக்கு எழுவது, எங்கே, எப்போது, எவர், எக்கருவியாற் சோதிப்பது என்பது பேசப்படாத வேளையிலேயாம்.

நாட்டையே உலுக்கிய நிகழ்ச்சியொன்றை இங்கு நினைவூட்டலாம். 2021ஆம் ஆண்டில் செயற்கை உர இறக்குமதி தடுக்கப்பட்டிருந்த காலத்தில், அரசாங்கத்துக்குரிய இலங்கை உரக் கம்பனி சீனாவின் சிங்டாவ் சீவின் பயோடெக் என்னும் நிறுவனத்திடமிருந்து 99,000 மெற்றிக் தொன் சேதனப் பசளையை வாங்க ஒப்பந்தஞ் செய்தது. தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை மாதிரிகளைச் சோதித்து, பயிருக்குத் தீங்கு விளைவிக்கும் பற்றீரியாக்கள் உள்ளன என அறிவித்தது. நிறுவனமோ அதனை ஏற்கவில்லை. ஏறக்குறைய 20,000 தொன்னை ஏற்றிய ‘ஹிப்போ ஸ்பிரிட்’ என்னும் கப்பல் அதற்கிடையிற் புறப்பட்டுவிட்டது. கொழும்பு வணிக மேல் நீதிமன்றம் பணங் கொடுப்பதைத் தடுத்துக் கட்டளையிட்டது. மக்கள் வங்கி பணஞ் செலுத்தாமையால் சீனத் தூதரகம் அவ்வங்கியைக் கறுப்புப் பட்டியலிற் சேர்த்தது. பசளை இறக்கப்படவேயில்லை. எனினும் 2022ஆம் ஆண்டு சனவரியில், சமரச முடிவாகச் சுமார் 67 இலட்சம் அமெரிக்க டொலர் அந்நிறுவனத்துக்குச் செலுத்தப்பட்டது.

இங்கு எவர் பக்கம் நியாயம் என்று ஆராய்தல் நமது நோக்கமன்று. ஒரு தரப்பு “தரம் பிழை” என்றது. மறுதரப்பு “பணந் தாராமை பிழை” என்றது. மற்றவரே மீறினார் என்று இருவரும் கூறினர். சோதனையின் முடிவை இரு தரப்பாரும் ஏற்றுக்கொள்ளுமுன் பொருள் புறப்பட்டதனால் வந்த வினை இதுவென்பது தெளிவு. அத்துணைப் பெரிய ஒப்பந்தத்தில் நிகழ்ந்தது, உங்கள் களத்துமேட்டிலும் சிறிய அளவில் நிகழ்தல் கூடும்.

ஆதலின் நெல் லொறியில் ஏறுமுன்னர் களத்திலேயே இருவர் முன்னிலையில் ஈரப்பதனை அளந்து, நிறையை நிறுத்துக் குறித்துக்கொள்க. நெல் சந்தைப்படுத்தும் சபை நெல்லைக் கொள்வனவு செய்யும்போது ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படாதிருத்தல் வேண்டும் என்று வைத்துள்ள அளவைத் தனியார் விற்பனைக்கும் நீங்கள் பயன்படுத்தலாம். ஒரு பிடி மாதிரியைப் பையிலிட்டுக் கட்டி, இருவரும் ஒப்பமிட்ட துண்டை உள்ளே வைத்துப் பேணுதல் செலவில்லாத காப்பாகும்.

நிறை பற்றியும் ஒரு சொல். புசல் என்பது 46 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 20.9 கிலோகிராம். மூடை என்பதோ இடத்துக்கிடம் வேறுபடும். “நூறு மூடை” என்று எழுதி, மூடைக்கு எத்தனை கிலோ என எழுதாது விடுதல் பிணக்கை நீங்களே விதைப்பதாகும். எல்லாவற்றையும் கிலோகிராமில் எழுதுக. மரக்கறிக்குச் சந்தையிற் கழிவு எடுக்கப்படுமாயின், நூற்றுக்கு எத்தனை என்பதையும் முன்னரே குறிக்க.

5. நட்டஈடு எவ்வாறு கணக்கிடப்படும்?

மீறியவரைத் தண்டிப்பது நட்டஈட்டின் நோக்கமன்று. உடன்படிக்கை நிறைவேறியிருந்தால் மற்றவர் எந்நிலையில் இருந்திருப்பாரோ, பணத்தினால் இயன்ற அளவு அந்நிலையில் அவரை வைப்பதே அதன் நோக்கமாகும்.

உதாரணமாக, 2,000 கிலோ நெல்லைக் கிலோ 100 ரூபாவுக்கு விற்க உடன்பட்டீர்கள் என்று கொள்வோம். குறித்த நாளில் வியாபாரி எடுக்க மறுத்தார். அன்று சந்தை விலை 85 ரூபா. கிலோவுக்கு 15 ரூபா வீதம் 30,000 ரூபா உங்கள் நட்டமாகும். மறுதலையாக, குறித்த நாளிற் சந்தை விலை 120 ரூபாவாக ஏற, நீங்கள் வேறொருவருக்கு விற்றுவிட்டீர்கள் எனின், முதல் வியாபாரி அந்நெல்லை வேறிடத்தில் வாங்குதற்குக் கிலோவுக்கு 20 ரூபா கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அந்த 40,000 ரூபாவை அவர் உங்களிடம் கோரலாம். முற்பணத்தையும் திருப்பிக் கேட்கலாம். மேலதிக விலையாற் பெற்ற இலாபம் அத்தனையும் இவ்வாறே போய்விடும்.

நட்டமடைந்தவருக்கும் ஒரு கடமை உண்டு. நட்டத்தைக் குறைப்பதற்கு நியாயமான முயற்சி எடுத்தல் வேண்டும். மேலே கூறிய உதாரணத்தில், வியாபாரி மறுத்தபின்னர் கோபத்தோடு ஒரு மாதம் நெல்லை வைத்திருந்து, விலை 70 ரூபாவாக விழுந்தபின் விற்றீர்களாயின், பின்னைய 30,000 ரூபா நட்டத்துக்கு வியாபாரி பொறுப்பாளி ஆகார். அழுகும் பொருளில் இது மேலும் முக்கியமானது. ஆய்ந்து வைத்த கத்தரிக்காயையும் வெண்டிக்காயையும் வியாபாரி வரும்வரை கொட்டிலிற் போட்டு வைத்தல் வீண். விலை செலுத்தப்படாத அழுகும் பொருளை விற்றவரே மீண்டும் விற்றுக் குறையை நட்டஈடாகக் கேட்கச் சட்டம் இடந் தருகின்றது. எவருக்கு, எந்நாளில், என்ன விலைக்கு விற்றீர்கள் என்பதற்குத் துண்டு வாங்கி வைத்தல் மாத்திரம் மறத்தலாகாது.

மேலும், எல்லா நட்டமும் மீறியவர் தலையில் ஏறுவதில்லை. 1853ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரத்து மாவாலை ஒன்றின் இயந்திரச் சுழல்தண்டு உடைந்தது. புதியது செய்வதற்கு மாதிரியாக அதனைக் கொண்டுசெல்ல ஏற்ற சுமைகாவுவோர் சில நாள் பிந்தினர். ஆலை அந்நாள்களில் ஓடவில்லை. இழந்த இலாபத்தை ஆலைக்காரர் கேட்டனர். ஆலையிடம் வேறு தண்டு இல்லை, இது பிந்தினால் ஆலையே நிற்கும் என்பதைச் சுமைகாவுவோர் உடன்படும் வேளையில் அறிந்திருக்கவில்லை. ஆதலின் அந்நட்டம் அவர்களைச் சாராது என்று நீதிமன்றம் கூறியது. மீறலினால் இயல்பாக விளையும் நட்டமும், உடன்படும் வேளையில் இரு தரப்பாரும் எதிர்பார்த்திருக்கக்கூடிய நட்டமுமே கோரத்தக்கவை என்னும் விதி இவ்வழக்கிலிருந்து உலகெங்கும் பரவியது.

இதனை உங்கள் வயலுக்குப் பொருத்திப் பாருங்கள். அறுவடை இயந்திரக்காரர் சொன்ன நாளில் வரவில்லை. மூன்றாம் நாள் மழை பெய்து கதிர் சாய்ந்து முளைத்தது. “நெல் முற்றிவிட்டது, மழைக் குணம் தெரிகின்றது, வெள்ளிக்கிழமைக்குள் வெட்டாவிடின் நெல் பாழாகும், ஆதலாற்றான் இந்நாளைக் கேட்கின்றேன்” என்று உடன்படும்போதே நீங்கள் சொல்லியிருந்தால் உங்கள் கோரிக்கை வலுப்பெறும். சொல்லாது விட்டால் வலுக்குறையும். ஆதலின் உங்கள் அவசரத்தின் காரணத்தை மறையாது சொல்லுக; எழுதுக.

6. நிலம் பற்றிய உடன்படிக்கைகள்

நிலத்துக்குச் சட்டம் கடுமையானது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நிலத்தை விற்றல், ஈடு வைத்தல், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குக் குத்தகை கொடுத்தல் ஆகியன பிரசித்த நொத்தாரிசு முன்னிலையிற் சாட்சிகளோடு எழுதப்படாவிடின் செல்லுபடியாகா. அடுத்த இரு போகத்துக்குக் குத்தகை என்று வாய்மொழியாகப் பணங் கொடுத்து, முதற் போகத்தின் பின் வெளியேற்றப்பட்டால், “உடன்படிக்கையை மீறினார்” என்று வழக்காடுதற்கு உடன்படிக்கையே இல்லை என்று சொல்லப்படுதல் கூடும்.

வன்னியில் மிகப் பல காணிகள் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தின்மேல் வழங்கப்பட்டவை. அத்தகைய காணியை உரிய அனுமதியின்றிக் கைமாற்றுதல் சட்டத்துக்கு முரணானது. நொத்தாரிசு எழுதியிருப்பினும் அது உயிர்பெறாது. பணங் கொடுப்பதற்கு முன்னர் பிரதேச செயலகத்தில் விசாரித்து அறிந்துகொள்க. பிறர் வயலைச் செய்கை பண்ணுவோரின் உரிமைகள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தினாலும் ஆளப்படுகின்றன. இது பற்றிய பிணக்குகளுக்கு முதலிற் கமநல சேவை நிலையத்தை நாடுக.

7. மீறப்பட்டால் யாது செய்வது?

(1) வாய்த்தர்க்கத்தை நிறுத்தி, எழுத்தில் அறிவிக்குக. எதனைச் செய்வதாக ஏற்றார், எதனைச் செய்யவில்லை, எந்நாளுக்குள் செய்தல் வேண்டும் என மூன்று வரியில் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரதியை வைத்துக்கொள்க. கைத்தொலைபேசிச் செய்தியையும் அழித்துவிடாதீர்கள்.

(2) நட்டத்தைக் குறைக்க முயல்க. பற்றுச்சீட்டுகளைப் பேணுக.

(3) மத்தியஸ்த சபையை நாடுக. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இச்சபைகளுக்குக் கட்டணமோ சட்டத்தரணியோ வேண்டுவதில்லை. சட்டம் குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகளை, சபையின் இணக்கமின்மைச் சான்றிதழ் இன்றி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. பெரும்பாலான கமத்தொழிற் பிணக்குகள் இங்கேயே தீர்த்துக்கொள்ளத்தக்கவை.

(4) காலத்தை வீணாக்காதீர்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்திலான உடன்படிக்கைக்கு 6 ஆண்டுகளுக்குள்ளும், வாய்மொழி உடன்படிக்கைக்கு 3 ஆண்டுகளுக்குள்ளும் வழக்குத் தொடுத்தல் வேண்டும். விற்றுக் கையளித்த பொருளின் விலைக்கும், செய்த வேலையின் கூலிக்கும் ஓராண்டே தவணை. “அடுத்த போகம் தருவேன்” என்று வியாபாரி இரண்டு முறை சொல்லுவதற்குள் உங்கள் உரிமை கழிந்துவிடக்கூடும்.

(5) பொருள் வசதி குறைந்தோர் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். அது 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்டது.

8. எழுத வேண்டிய பத்து விடயங்கள்

நீண்ட பத்திரம் வேண்டியதில்லை. ஒரு தாளிற் பின்வருவன இருந்தாற் போதும்: இரு தரப்பாரின் பெயரும் முகவரியும் அடையாள அட்டை இலக்கமும், பொருளும் அதன் இனமும், எவ்வயலின் விளைவு என்பது, கிலோகிராமில் அளவு, ஈரப்பதனும் தரமும், சோதிக்கும் இடமும், விலை, அல்லது விலையை நிர்ணயிக்கும் முறை, முற்பணமும், மீறினால் அது யாரைச் சேரும் என்பதும், கையளிக்கும் நாளும் இடமும், ஏற்றுகூலி யாருடையது என்பதும், பணங் கொடுக்கும் நாள், வெள்ளம், வரட்சி, நோய் ஏற்படின் யாது செய்வது என்பது. இரு பிரதிகள் எழுதி, இரு சாட்சிகளோடு ஒப்பமிட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொள்க. வாசிக்க இயலாதவர், தமக்கு நம்பிக்கையான ஒருவர் உரத்து வாசிக்கக் கேட்டபின்னரே ஒப்பமிடல் வேண்டும். வெற்றுத் தாளில் எக்காரணங் கொண்டும் ஒப்பமிடலாகாது.

முடிவாக, கமக்காரர்களே, உடன்படிக்கையை வியாபாரிக்கு எதிரான ஆயுதமாக மாத்திரம் எண்ணாதீர்கள். அது உங்களையும் கட்டுவது. விலை ஏறிய வேளையிலும் பேசிய நெல்லைக் கொடுத்த கமக்காரருக்கு, விலை விழுந்த வேளையில் பேசிய விலையைக் கேட்கும் உரிமை உண்டு. விதை மண்ணில் விழுந்தபின் அதனை மாற்ற முடியாததுபோல, ஒப்பமிட்டபின் சொல்லை மாற்றுதலும் அரிது. ஆதலின் விதைக்கு முன் நிலத்தைப் பண்படுத்துவதுபோல, கைச்சாத்துக்கு முன் சொற்களைப் பண்படுத்துக. இவை பற்றிய மேலதிக விளக்கங்களை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும், கமநல சேவை நிலையத்திலும் கேட்டு அறிந்துகொள்ளலாம்.